பீரோவில் தூங்கும் ரிவால்வர்: புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கிய நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுடச் சுடத்தான் துப்பாக்கி அழுக்காகும், சும்மா இருந்தால் அதற்கென்ன ஆகப்போகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. நம்ம பக்கத்துக் கதை வேறு. நகைக்கடைக்காரர், தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர், ரிட்டயரான மில்ட்ரிக்காரர் என்று லைசென்ஸ் வாங்கியவர்களில் பலர் ஒரு தோட்டாகூடச் சுடாமல் வருஷத்தை ஓட்டுவார்கள். துப்பாக்கி உறையோடு பீரோவில் கிடக்கும். அப்படிக் கிடப்பதில்தான் அது கெடுகிறது: வெளியே துரு, உள்ளே பிசினாக இறுகிப்போன எண்ணெய். அதனால் நீங்கள் எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்று எண்ண வேண்டாம், காலண்டரைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். சுட்டால் அன்றைக்கே, சுடாவிட்டாலும் மாதம் ஒரு தடவை.

லைசென்ஸில் கிடைப்பது பெரும்பாலும் .32 ரகம், அதாவது குழலின் உள்விட்டம் சுமார் 0.32 அங்குலம். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர், 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர், 2023இல் வந்த பிரபல் ரிவால்வர், அப்புறம் அஷானி பிஸ்டல். ரிவால்வரின் .32 தோட்டாவும் பிஸ்டலின் .32 தோட்டாவும் வேறு வேறு; எண் ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கியோடு வந்த கையேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். நான் சொல்வதும் அதுவும் முரண்பட்டால் கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

என்னென்ன வேண்டும்

.32 குழலுக்குப் பொருந்தும் கிளீனிங் ராடு, வெண்கலக் கம்பி பிரஷ், சின்னச் சின்னதாக வெட்டிய துணி, பழைய டூத் பிரஷ், கரியை இளக்கும் சால்வென்ட், துப்பாக்கி எண்ணெய். ராணுவத்தில் இருந்தவர்கள் புல்த்ரூவும் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) சிந்தித் துணியும் (அதில் கட்டும் துண்டுத் துணி) போதும் என்பார்கள், தப்பில்லை. துணிக்கு வெளுத்த பழைய பனியனை மிஞ்ச எதுவும் கிடையாது. பாலியெஸ்டர் வேட்டி எண்ணெயை உறிஞ்சாது. ராடு பித்தளையிலோ பிளாஸ்டிக் உறை போட்டதாகவோ இருக்கட்டும். குடைக்கம்பியை நிமிர்த்தி உள்ளே விடுகிற கைவைத்தியம் வேண்டாம், குழலின் வரிப்பள்ளங்களைக் கீறிவிடும். கண்ணுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடி, கைக்கு மெல்லிய ரப்பர் உறை. சுட்ட துப்பாக்கியின் கரியில் ஈயம் உண்டு. சுத்தம் செய்யும்போது டீ, முறுக்கு, வெற்றிலை எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

சால்வென்ட் கிடைக்கவில்லை என்றால் மண்ணெண்ணெயைக் கொஞ்சம் பயன்படுத்தலாம், ஆனால் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு மேலே எண்ணெய் போட்டே ஆகவேண்டும். பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். எதைப் பயன்படுத்தினாலும் அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

முதலில் காலி செய்வது

இந்த ஒரு வேலைக்கு அவசரமே ஆகாது. சுத்தம் செய்யும்போது வெடித்தது என்று பேப்பரில் வரும் செய்திகளில், காலி என்று நினைத்த துப்பாக்கிதான் காலியாக இல்லாமல் இருந்திருக்கும்.

பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள். செல்போனைத் தள்ளி வையுங்கள். குழலை எந்தப் பக்கம் நீட்டுவது என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சிமெண்ட் தரையும் கான்கிரீட் சுவரும் பாதுகாப்பான பக்கம் இல்லை, குண்டு பட்டுத் தெறித்துத் திரும்பும். ஒரு பெரிய வாளி நிறைய ஆற்று மணலைக் கொட்டி மூலையில் வைத்து, காலி செய்து முடிக்கும்வரை குழல் அந்த மணலைப் பார்த்தே இருக்கட்டும். விரல் விசையைச் (டிரிக்கரை) சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்கு வெளியே, துப்பாக்கியின் உடல் சட்டத்தின் மேல் நீட்டியபடி.

கான்பூர் .32 ரிவால்வர் மடங்குகிற ரகம். பின்பக்கத் தாழ்ப்பாளைப் பெருவிரலால் அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால், தோட்டா போடும் உருளையான சிலிண்டரின் நடுவிலிருக்கும் நட்சத்திர வடிவத் தகடு எழும்பித் தோட்டாக்களைப் பின்னால் தள்ளும். பாதி மடக்கி நிறுத்தினால் ஒரு தோட்டாவின் விளிம்பு நட்சத்திரத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும், அதனால் ஒரே சீராக முழுதும் மடக்குங்கள். பிரபலில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். அதன் கம்பியை அழுத்தினால் தோட்டாக்கள் விழும். விழுந்ததை ஒரு கிண்ணத்தில் போட்டு எண்ணுங்கள். அப்புறம் சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைகளான ஆறு அறையையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் தடவியும் பாருங்கள்.

பிஸ்டலில் வரிசை முக்கியம். கைப்பிடிக்குள் தோட்டாக்களை அடுக்கிய மேகஸினை முதலில் கழற்றி எடுத்துவிட்டு, அப்புறம்தான் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் குழலின் பின்முனை அறையில் இருந்த தோட்டா வெளியே வரும், மேகஸினிலிருந்து அடுத்த தோட்டா அந்த இடத்துக்குப் போய்விடும். நீங்கள் மேகஸினைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு காலி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். மேகஸினை எடுத்த பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று தடவை இழுத்து, பின்னால் பூட்டி நிறுத்தி, அறைக்குள் எட்டிப் பாருங்கள்.

எண்ணிய தோட்டாக்களை டப்பாவில் போட்டு மூடி அடுத்த அறையில் வைத்துவிட்டு வாருங்கள். வேலை நடக்கும் மேஜையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போக நேர்ந்தால், துப்பாக்கியைப் பூட்டிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் மறுபடியும் காலியா என்று பாருங்கள்.

குழல்

முடிந்தால் பின்பக்கத்திலிருந்து ராடை விடுங்கள். மடங்குகிற ரிவால்வரிலும் கழற்றிய பிஸ்டலிலும் இது சுலபம். பிரபல் மாதிரியானதில் வாய்ப்பக்கமாகத்தான் விட முடியும். அப்போது ராடு குழல்வாயின் விளிம்பில் உரசாமல் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். அந்த விளிம்பு தேய்ந்தால் குண்டு நேராகப் போகாது.

சால்வென்டில் நனைத்த துணியை ஒரு தடவை விட்டு எடுத்துவிட்டு, பத்து நிமிஷம் சும்மா இருங்கள். ஊறினால்தான் கரி இளகும். அப்புறம் வெண்கல பிரஷை முழுதாக உள்ளே விட்டு முழுதாக வெளியே எடுங்கள், எட்டுப் பத்துத் தடவை. பாதி வழியில் திருப்பி இழுத்தால் பிரஷின் கம்பிகள் மடங்கிவிடும். பிறகு உலர்ந்த துணி. முதல் துணி கருப்பாக வரும், அடுத்தது சாம்பல் நிறத்தில் வரும், நாலைந்துக்குப் பிறகு வெள்ளையாக வரத் தொடங்கும். துணியில் பழுப்பாக வந்தால் அது துரு, பச்சையாக வந்தால் குண்டின் செம்பு. சுடாத துப்பாக்கி என்றால் பிரஷ் வேண்டாம். ஒரு உலர்ந்த துணி, ஒரு எண்ணெய்த் துணி, முடிந்தது.

கடைசியில் குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். வரிகள் சுழன்று சுழன்று பளபளவென்று தெரிய வேண்டும். மங்கலாக ஒரு திட்டு தெரிந்தால் அங்கே இன்னொரு தடவை.

சிலிண்டரும் சுற்றுவட்டாரமும்

ஆறு அறையிலும் பிரஷும் துணியும் தனித்தனியாகப் போக வேண்டும். அதைவிட முக்கியம் நட்சத்திரத்தின் அடிப்பக்கம். அதைத் தூக்கிப் பிடித்து டூத் பிரஷால் தேயுங்கள். அங்கே எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்று தங்கினாலும் நட்சத்திரம் ஒரு முடி அளவு மேலே நிற்கும். சிலிண்டர் இறுகும், விசை கனக்கும். ரிவால்வர் சிக்குகிறது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் இந்த இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெயும் வேண்டாம், துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிலிண்டரின் முன்முகத்தில் சுட்ட பிறகு கருவளையங்கள் இருக்கும். அவை முழுதாகப் போகாவிட்டால் குடிமுழுகிப் போகாது, விட்டுவிடுங்கள். குழல் தொடங்கும் இடத்தையும் அதற்கு மேலே இருக்கும் சட்டத்தையும் மட்டும் நன்றாகத் தேயுங்கள். பக்கத் தகட்டின் திருகைக் கழற்றி உள்வேலைப்பாட்டைப் பார்க்கும் ஆசை புது ஆட்களுக்கு வரும். வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் துள்ளிப் போனால் கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிஸ்டல்காரர்கள் கையேட்டில் சொன்ன அளவுக்கு மட்டும் கழற்றுங்கள். சில பிஸ்டல்களைக் கழற்ற விசையை அழுத்தியாக வேண்டும், அதற்காகவே காலியா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தோட்டாவின் அடிப்பாகம் உட்காரும் முகம், அதன் ஓரத்திலிருக்கும் கொக்கியின் அடி, தோட்டா ஏறிவரும் சரிவு, ஸ்லைடு ஓடும் தண்டவாளம் ஆகிய இடங்களில்தான் அழுக்கு சேரும். மேகஸினின் உட்புறத்தைத் துடைத்து உலர்வாகவே விடுங்கள்.

எண்ணெய்: அதிகம் கெடுப்பது இதுதான்

"ஏன் அண்ணாச்சி, தேங்காயெண்ணெய் தடவினா ஆகாதா?" என்று கேட்காத புது ஆள் இல்லை. ஆகாது. தேங்காயெண்ணெய் மார்கழி விடியலில் பாட்டிலிலேயே உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கிக்குள்ளும் அதே கதைதான். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் காற்றுப் பட்டு நாளாக நாளாகப் பிசினாகும். செக்கெண்ணெய் உடம்புக்கு நல்லது என்பதால் இரும்புக்கும் நல்லது என்று ஆகிவிடாது. ஒர்க்ஷாப்பில் வடித்த கருப்பு எஞ்சின் ஆயிலும் வேண்டாம், அதில் அமிலமும் இரும்புத் தூளும் கலந்திருக்கும். ஈரத்தை விரட்டுவதற்காக விற்கும் ஸ்பிரேக்கள் தண்ணீர் பட்டபோது முதலுதவிக்கு உதவும், மாதக் கணக்கில் காக்க அவை போதாது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. அது மெல்லிய கனிம எண்ணெய், பிசினாகாது.

எவ்வளவு? நீங்கள் நினைப்பதில் கால்வாசி. சிலிண்டர் சுழலும் அச்சில் ஒரு சொட்டு, மடங்கும் கீலில் ஒரு சொட்டு, தாழ்ப்பாளில் ஒன்று, பின்னால் எழும்பி அடிக்கும் சுத்தியலின் அடியில் குண்டூசி முனையால் தொட்டு வைக்கிற அளவு. பிஸ்டலில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு, குழலின் வெளிப்புறத்தில் லேசாக. தோட்டாவின் அடியை இடிக்கும் ஊசி ஓடும் துளை உலர்வாக இருக்கட்டும். அறைகளிலும் தோட்டாக்களிலும் எண்ணெய் தங்கவே கூடாது. அது தோட்டாவின் அடியிலுள்ள, மருந்தைப் பற்றவைக்கும் கேப்புக்குள் கசிந்தால் தேவைப்படும் நேரத்தில் தோட்டா வெடிக்காது. குழலுக்கு எண்ணெய்த் துணி விட்டிருந்தால், தோட்டா போடுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒரு தடவை இழுத்துவிடுங்கள்.

கடைசியாக எண்ணெய் தொட்ட துணியால் வெளியே முழுதும் துடையுங்கள். கைரேகை வியர்வையின் உப்பு ஒரே வாரத்தில் கருநீலப் பூச்சின் மேல் விரல் வடிவத்திலேயே துருவாகி நிற்கும். துடைத்த பிறகு கைப்பிடியை மட்டும் தொட்டு உறைக்குள் வையுங்கள்.

சேர்த்து முடித்ததும் காலித் துப்பாக்கியோடு ஒரு சோதனை. சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் டிக்கென்று பூட்டுகிறதா, மூடிய பிறகு குழலை ஆட்டினால் கடகடவென்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். .22 ரகம் வைத்திருப்பவர்கள் காலியாக விசையை அழுத்தாதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் இடித்துக் குழி விழும். தோப்பில் ஒரு ரவுண்டு சுட்டுப் பார்ப்போமே என்கிற எண்ணம் வந்தால் அதை அங்கேயே அடக்குங்கள். சுட்டுப் பார்க்க அனுமதி பெற்ற ரேஞ்சுகள் இருக்கின்றன.

துரு பிடித்துவிட்டால்

மேலோட்டமான பழுப்புத் திட்டாக இருந்தால் எண்ணெயில் நனைத்த துணியை அதன்மேல் சில மணி நேரம் போட்டு வைத்து, டூத் பிரஷால் தேயுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். உப்புத்தாள் வேண்டாம், பித்தளை விளக்குக்குப் போடும் பாலிஷும் வேண்டாம். துருவோடு சேர்த்துப் பூச்சையும் எடுத்துவிடும். எண் பொறித்த இடத்தில் கூடுதல் கவனம் தேவை. துப்பாக்கியின் எண்ணை அழிப்பதும் சிதைப்பதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி குற்றம். துருவைத்தான் தேய்த்தேன் என்று ஸ்டேஷனில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கு வேண்டும்?

தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் லேசானதை உலர்ந்த துணியால் துடைக்கலாம். குத்துவிளக்கு தேய்ப்பது போல் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! அதிகமாக ஏறியிருந்தால் அந்தத் தோட்டாவைச் சுடாமல், வாங்கிய ஆயுதக் கடையில் கேட்டு ஒப்படையுங்கள்.

வைக்கிற இடமும் நம்ம ஊர்ச் சீசனும்

தோலுறை இடுப்பில் கட்டிக்கொண்டு போகும் நேரத்துக்கு மட்டும். தோல் ஈரத்தை உறிஞ்சும், பதப்படுத்திய அமிலமும் அதில் இருக்கும். மாதக் கணக்கில் அதற்குள் வைத்தால் இரும்பு துருப்பிடிக்கும், பெல்ட்டில் சொருகிய தோட்டாக்கள் பச்சை கட்டும். உலர்ந்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றிப் பூட்டுப் பெட்டியில் வையுங்கள், தோட்டா வேறு பூட்டில். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் கசியும். கூடவே சிலிக்கா ஜெல். செருப்பு டப்பாவில் வரும் குட்டிப் பொட்டலம் சீக்கிரமே நிறைந்துவிடும். நிறம் மாறுகிற ரகமாக வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும்.

இந்தச் சீமை முழுவதற்கும் ஒரே சீசன் கிடையாது. குற்றாலம், செங்கோட்டை, கடையம் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும். வீட்டுக்குள்ளேயே துணி காயாத அந்த நாட்களில் பத்து நாளுக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து வையுங்கள். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கத்துக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கண்டம். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சீசனே கிடையாது. உப்புக்காற்று பன்னிரண்டு மாதமும் வீசும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணகுடி, வள்ளியூர், திசையன்விளைக்காரர்களுக்குப் பிரச்சினை காற்றும் தேரி மண்ணும். செம்மண் பொடி எண்ணெயோடு குழைந்தால் தேய்ப்பான் மாதிரி வேலை செய்யும். அங்கே எண்ணெயை இன்னும் குறைத்து, துடைப்பதை அதிகமாக்குங்கள்.

ஆயுத பூஜை அன்றைக்குத் துப்பாக்கிக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். பக்தியில் குறை சொல்ல எதுவுமில்லை. காலி செய்து, பொட்டைப் பெட்டியிலோ உறையிலோ வையுங்கள். ஈரச் சந்தனம் ராத்திரி முழுதும் இரும்பில் இருந்தால் பொட்டு வட்டத்திலேயே துரு விழும். துப்பாக்கி மேலேயேதான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், பூஜை முடிந்த கையோடு துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

தேர்தலும் வெள்ளமும்

தேர்தல் அறிவித்ததும் பலரிடம் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், முடிவு வந்த பிறகுதான் கைக்குத் திரும்பும். அங்கே யாரும் உங்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போடப் போவதில்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் முழுதாகச் சுத்தம் செய்து, உள்ளும் புறமும் வழக்கத்தைவிடத் தாராளமாக எண்ணெய் பூசி, துணியில் சுற்றிக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டாக் கணக்கும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். முடிந்தால் நாலு பக்கமும் போட்டோ. திரும்பி வந்ததும் நேராக பீரோவுக்குப் போகாமல் மேஜைக்கு வரட்டும்: காலியா என்று பார்ப்பது, குழலில் எண்ணெயைத் துடைத்து எடுப்பது, சோதனை. குழலுக்குள் தேங்கிய எண்ணெயோடு சுடுவது ஆபத்து.

2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததை நாம் பார்த்தோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது எதுவும் தப்பவில்லை. துப்பாக்கியை மேல்தட்டில் வைக்க அது ஒன்றே போதும். வண்டல் தண்ணீரில் மூழ்கிய துப்பாக்கியை முதலில் காலி செய்யுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஏற்கெனவே நனைந்ததுதான், பயப்பட வேண்டாம், சேறு காய்ந்து இறுகுவதுதான் மோசம். மரக் கைப்பிடியைக் கழற்றித் தனியாக நிழலில் காய வையுங்கள், வெயிலில் வெடிக்கும். இரும்பைத் துடைத்து, ஹேர் டிரையர் இருந்தால் மிதமான சூட்டில் ஊதி, ஈரம் விரட்டும் ஸ்பிரேயை உள்ளே போகும்படி அடித்து வடியவிட்டு, எண்ணெய் போடுங்கள். இது கடைக்குப் போகும்வரை தாங்கும் வைத்தியம்தான். உள்வேலைப்பாட்டைப் பிரித்துக் காயவைக்காமல் அந்தத் துப்பாக்கியை நம்பக் கூடாது. மூழ்கிய தோட்டாக்களைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனையே வேண்டாம். லைசென்ஸ் புத்தகம் நனைந்து எழுத்து அழிந்திருந்தால் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுங்கள்.

கடைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

சிலிண்டர் பூட்டாமல் ஆடுவது, மடங்கும் கீல் தளர்ந்து சத்தம் போடுவது, சுத்தியல் பாதியில் நழுவுவது, குழலில் தேய்த்தும் போகாத குழி, சுட்ட தோட்டாக் கூட்டில் பக்கவாட்டு வெடிப்பு. இதில் எது தெரிந்தாலும் தோட்டா போடாதீர்கள். பக்கத்து லேத் பட்டறைக்காரர் கைகாரராக இருக்கலாம், அரிவாளுக்கும் பம்புசெட்டுக்கும் அவரிடம் போங்கள். துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு. அவரையும் மாட்டிவிட்டு நீங்களும் மாட்டாதீர்கள். உரிமம் பெற்ற ஆயுதக் கடைக்குக் காலித் துப்பாக்கியைப் பூட்டிய பையில், லைசென்ஸ் புத்தகத்தோடு கொண்டுபோங்கள். பழுதுக்கு விட்டுவிட்டு வந்தால் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். திருப்பித் தரும்போது மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், கடைக்காரர் எதிரிலேயே காலியாக ஆறு அறையும் சுழற்றிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.